லேப்டாப் திறக்காத ஐந்து நாட்கள்

திருப்பூரில் வீட்டிலிருந்தபடியே 11 சிறிய நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதுகிறேன். பவர் டேபிள் வைத்துத் தைத்துக் கொடுப்பவர்கள், பனியனுக்குப் பிரிண்டிங் போடுபவர்கள், நூல் கமிஷன் வியாபாரி ஒருவர் என்று எல்லாமே சிறு முதலீட்டுத் தொழில்கள். மாதத்தில் 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை விவர ரிட்டன், 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி என்ற வரி கட்டும் ரிட்டன். எங்கள் வீட்டில் ஊருக்குப் போவது, கல்யாணத்துக்குப் போவது எல்லாமே இந்த இரண்டு தேதிகளைப் பார்த்துத்தான் முடிவாகும். 2025 ஜூலையில், 20ஆம் தேதிக்கு மூன்று நாள் இருக்கும்போது, என் லேப்டாப் வைரஸ் தாக்கி என்னை உள்ளே விடாமல் நின்றுவிட்டது. ஐந்தாம் நாள் என் கணக்குகள் முழுவதும் கைக்கு வந்துவிட்டன. ஆனால் அதற்குள் நான் செய்த காரியங்களில் பாதி, கடைசியில் செய்ய வேண்டியதை முதலிலும் முதலில் செய்ய வேண்டியதைக் கடைசியிலும் செய்தவை. இந்த நிலைமை இப்போது யாருக்காவது வந்திருந்தால், அவர் என் மாதிரி அலையக் கூடாது என்பதற்காக நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஜூலை 16, புதன்கிழமை, இரவு ஒன்பதரை மணி. ஒரு வாடிக்கையாளரின் வங்கிக் கணக்கு அறிக்கை பிடிஎஃப் கோப்பாக வந்திருந்தது, 38 பக்கம். அதை எக்செல்லாக மாற்றினால்தான் டாலி என்ற கணக்கு மென்பொருளில் ஏற்ற முடியும். வழக்கமாகப் பயன்படுத்தும் தளத்தில் அன்றைய இலவச வரம்பு முடிந்துவிட்டதால் கூகுளில் தேடி, முதலில் வந்த இன்னொன்றைத் திறந்தேன். கோப்பை ஏற்றியதும் "நான் ரோபோ அல்ல" என்ற சிறு கட்டம் வந்தது. தினமும் பார்க்கிற கட்டம்தானே என்று டிக் செய்தேன். உடனே மூன்று வரிகளில் ஓர் அறிவுறுத்தல் தோன்றியது: விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள், பிறகு கண்ட்ரோலையும் வி எழுத்தையும் அழுத்துங்கள், பிறகு என்டர். நான் செய்தேன். திரையின் இடது மூலையில் திறந்த சிறிய பெட்டியில் ஏதோ ஒட்டப்பட்டது. என் கண்ணுக்குத் தெரிந்த பகுதியில் "நான் ரோபோ அல்ல, சரிபார்ப்பு எண்" என்று ஆங்கிலத்தில் ஓர் எண்ணோடு இருந்தது. அனுமதி கேட்டு ஒரு பெட்டி வந்தது, அதற்கும் 'ஆம்' கொடுத்தேன். கறுப்புப் பெட்டி ஒன்று மின்னி மறைந்தது. கோப்பு மாறவில்லை. சரி, இந்தத் தளம் உதவாது என்று மூடிவிட்டுத் தூங்கப் போய்விட்டேன்.

அங்கே என்ன நடந்தது என்பது பிறகு படித்துத்தான் புரிந்தது. அந்தக் கட்டத்தில் டிக் செய்தபோதே ஒரு நீளமான கட்டளையை அந்தத் தளம் என் கிளிப்போர்டில், அதாவது நகலெடுத்தது ஒட்டும் வரை தங்கியிருக்கும் இடத்தில், வைத்துவிட்டது. அவர்கள் திறக்கச் சொன்னது கட்டளைகளை ஓட்டும் விண்டோஸின் 'ரன்' பெட்டி. நானே ஒட்டி, நானே என்டர் தட்டி, அவர்களுடைய கட்டளையை என் கையால் ஓட்டியிருக்கிறேன். கட்டளையின் வால் மட்டும்தான் அந்தச் சிறிய பெட்டியில் தெரியும் என்பதால், வால் பகுதியில் ரோபோ வாசகத்தை எழுதி வைத்திருக்கிறார்கள். கதவை உடைத்து வரும் திருடனைத் தடுக்கத்தான் ஆன்டிவைரஸ். வீட்டுக்காரரே சாவி கொடுத்துக் கூப்பிட்டால் அதற்கு வேலை குறைவு. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்: உண்மையான எந்தச் சரிபார்ப்பும் உங்களை விண்டோஸ் பட்டனை அழுத்தச் சொல்லாது, எதையும் ஒட்டச் சொல்லாது. அப்படி ஒரு பக்கம் சொன்னால் அந்த நொடியே பிரவுசரை மூடுங்கள்.

வியாழக்கிழமை காலை லேப்டாப்பைத் திறந்து அரை மணி நேரம் வேலை செய்திருப்பேன். வலது கீழ் மூலையில், விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான விண்டோஸ் டிஃபெண்டரின் அறிவிப்பு வந்தது, ஆபத்தான கோப்பு ஒன்றைக் கண்டுபிடித்து நீக்கிவிட்டதாக. அப்பாடா, அதுவே பார்த்துக்கொண்டது என்று நிம்மதியாகத்தான் இருந்தது. ஒரு முறை ரீஸ்டார்ட் செய்வோம் என்று செய்தேன். பெயர் வந்தது, பின் நம்பரை அடித்தேன், 'வெல்கம்' என்று வட்டம் சுற்றியது. அதன் பிறகு திரை முழுக்கக் கறுப்பு. நடுவில் வெள்ளை நிற மவுஸ் அம்பு மட்டும். அம்பு நகர்கிறது, வேறு எதுவும் இல்லை. பத்து நிமிடம் காத்திருந்தேன். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தேன், போட்டேன். மறுபடி பின் நம்பர், மறுபடி வெல்கம், மறுபடி அதே கறுப்பு. கண்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் அழுத்தினால் நீலத் திரையில் லாக், சைன் அவுட் எல்லாம் வந்தன. எப்போதும் அங்கே இருக்கும் டாஸ்க் மேனேஜர் என்ற வரியை மட்டும் காணோம். அன்று மதியத்துக்குள் அந்த லேப்டாப்பைப் பன்னிரண்டு முறையாவது பட்டனை அழுத்தி அணைத்திருப்பேன். கை நடுங்கியது. ஐந்து பேருக்கு ரிட்டன் முடிந்திருந்தது. மூன்று பேர் காலாண்டுக்கு ஒரு முறை தாக்கல் செய்பவர்கள், அவர்களுக்கு 22 வரை நேரம் உண்டு. மீதி மூன்று பேருக்கு 20ஆம் தேதிதான் கடைசி. எல்லோருடைய கணக்கும் அந்தக் கறுப்புக்குப் பின்னால் இருந்தது.

முதல் பாடத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் தவறவிட்டதில் மிகப் பெரியது இதுதான். லேப்டாப் திறக்கவில்லையே என்ற பதற்றத்தில், உள்ளே வந்தவன் எதை எடுத்துக்கொண்டு போனான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இந்த வகை வைரஸ்கள் பெரும்பாலும் வருவதே திருடத்தான். பிரவுசரில் சேமித்து வைத்த கடவுச்சொற்களையும், 'இவர் ஏற்கெனவே உள்ளே நுழைந்தவர்' என்று தளங்கள் அடையாளம் வைத்துக்கொள்ளும் குக்கிகளையும் சில நிமிடங்களில் அள்ளி அனுப்பிவிடும். குக்கி கையில் இருந்தால் கடவுச்சொல்லும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். வியாழன் விடியற்காலையே என் ஜிமெயிலில் "புதிய சாதனத்திலிருந்து உள்நுழைவு" என்று எச்சரிக்கை வந்திருந்தது. அதை ஏதோ நான் செய்ததுதான் என்று தள்ளிவிட்டேன். சனிக்கிழமை இரவுதான் அதைத் திறந்து நேரத்தைப் பார்த்தேன். நான் தூங்கிக்கொண்டிருந்த நேரம். வயிற்றைப் பிசைந்தது. ஆகவே உங்களுக்கு இது நடந்தால், லேப்டாப்பை அணைத்து வைத்துவிட்டு, வைஃபையை நிறுத்திவிட்டு, முதலில் மொபைல் போனை எடுங்கள். மின்னஞ்சல் கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்குப் போய், உள்ளே இருக்கும் எல்லாச் சாதனங்களையும் வெளியேற்றி, கடவுச்சொல்லை மாற்றுங்கள். அதன் பிறகு வங்கி, அதன் பிறகு மற்றவை. லேப்டாப் எங்கும் ஓடிவிடாது. பணம் போயிருந்தால் ஒரு நிமிடமும் யோசிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு. எனக்குப் பணம் போகவில்லை. கடவுள் புண்ணியம் என்றுதான் சொல்ல வேண்டும், என் முன்யோசனை எதுவும் அதில் இல்லை.

வியாழன் மாலை எங்கள் தெருமுனையில் உள்ள சர்வீஸ் கடைக்குப் போனேன். கடைப் பையன் இரண்டு நிமிடம் பார்த்தான். "விண்டோஸ் கரப்ட் ஆகிவிட்டது அக்கா, ஃபார்மட் செய்து புதிதாகப் போட்டுத் தருகிறேன், ஒரு மணி நேர வேலை" என்றான். உள்ளே இருப்பது என்ன ஆகும் என்றேன். "சி டிரைவில் இருப்பது போகும், டி டிரைவில் இருந்தால் தப்பிக்கும்" என்றான். இப்போது வரும் லேப்டாப்களில் பெரும்பாலும் சி டிரைவ் ஒன்றுதான். என்னுடையதும் அப்படித்தான். மூன்று வருடக் கணக்கு, டாலி தரவு, எல்லாருடைய ஆவணங்கள், எல்லாம் சி டிரைவில். 'பார்த்ததற்கு' 300 ரூபாய் கொடுத்துவிட்டு லேப்டாப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அந்தப் பையன் மீது எனக்குக் கோபம் இல்லை, அவனுக்குத் தெரிந்த மருந்து அதுதான். ஆனால் நான் அந்தக் கேள்வியைக் கேட்காமல் "சரி" என்று தலையாட்டியிருந்தால் அன்றே எல்லாம் முடிந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பெரிய கடையாகப் பார்த்துக் கொடுத்தேன். பின் நம்பரைக் கேட்டார்கள், துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அது இன்னொரு தவறு. சனிக்கிழமை மதியம் கூப்பிட்டுச் சொன்னார்கள்: "மேடம், உங்கள் டிஸ்க் பிட்லாக்கர் போட்டுப் பூட்டியிருக்கிறது. கீ இருந்தால் கொடுங்கள். இல்லையென்றால் சென்னைக்கு அனுப்பி ரெகவரி செய்ய வேண்டும், 8,000 ஆகும்." பிட்லாக்கர் என்ற சொல்லையே அன்றுதான் கேட்டேன். நான் எதையும் பூட்டவில்லையே என்று சொன்னேன். போனை வைத்த பிறகு 8,000 ரூபாயைப் புரட்ட யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், 20ஆம் தேதி மறுநாள். அப்போது ஏதோ ஓர் உந்துதலில் போனில் அந்தச் சொல்லைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நல்ல வேளை படித்தேன்.

பிட்லாக்கர் என்பது விண்டோஸே டிஸ்க்குக்குப் போடும் பூட்டு. பல புதிய விண்டோஸ் 11 லேப்டாப்களில், மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டு உள்ளே நுழைந்தவுடன் டிஸ்க் தானாகவே இப்படிக் குறியாக்கம் ஆகிவிடுகிறது. யாராவது லேப்டாப்பைத் திருடினாலும் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது என்பதற்காக. நல்ல ஏற்பாடுதான். வழக்கமான வழியில் நுழையும்போது அது இருப்பதே தெரியாது. பழுது பார்க்க வேறு வழியாக நுழைந்தால் 48 இலக்கச் சாவியைக் கேட்கும். அந்தச் சாவி இல்லாமல் மைக்ரோசாஃப்டே நினைத்தாலும் திறக்க முடியாது. அப்படியிருக்க, சாவி இல்லாமல் 8,000 ரூபாய்க்குத் திறந்து தருகிறேன் என்றால், அந்தப் பணம் எதற்கு என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை மாலையே போய் 500 ரூபாய் கொடுத்து லேப்டாப்பை எடுத்துவந்துவிட்டேன்.

சாவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் பத்திரமாக இருக்கும் என்று படித்தேன். போனிலேயே என் கணக்கில் நுழைந்து 'டிவைசஸ்' பகுதியைப் பார்த்தேன். எந்தச் சாதனமும் இல்லை என்றது. மூன்று முறை பார்த்தேன். பிறகுதான் உறைத்தது. 2023இல் இந்த லேப்டாப்பை வாங்கியபோது கடையில் இருந்த தம்பிதான் உட்கார்ந்து எல்லாவற்றையும் அமைத்துக் கொடுத்தார். "கணக்கு ஒன்று வேண்டும் அக்கா, நானே போட்டுவிடுகிறேன்" என்று என் பெயரில் புதிதாக ஒரு மின்னஞ்சல் முகவரி உருவாக்கினார். திரையில் என் பெயர் வந்ததால் அது என் கணக்கு என்றே இரண்டு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். பின் நம்பர் மட்டும் அடித்துப் பழகிய எனக்கு அந்தக் கணக்கின் கடவுச்சொல்லும் தெரியாது, முகவரியும் தெரியாது.

இரவு பத்து மணிக்கு நாற்காலி போட்டு ஏறிப் பரணிலிருந்து லேப்டாப் வந்த அட்டைப்பெட்டியை இறக்கினேன். பழைய பாத்திரங்களுக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது. மூடியின் உட்புற மடிப்பில், நீல பால்பாயிண்ட் பேனாவால், சாய்ந்த எழுத்தில் ஒரு மின்னஞ்சல் முகவரியும் அதன் கீழே ஒரு கடவுச்சொல்லும். ஓர் எழுத்து மட்டும் பூச்சி அரித்துப் போயிருந்தது. இரண்டு மூன்று விதமாகப் போட்டுப் பார்த்ததில் சரியாகிவிட்டது. ஆனால் உள்ளே விடும் முன் ஒரு குறியீட்டை மொபைலுக்கு அனுப்புவதாகச் சொன்னது. கடைசி இரண்டு எண்கள் என்னுடையவை அல்ல. அந்தத் தம்பி தன் எண்ணையே கொடுத்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கடை திறக்கும் முன்பே போய் வாசலில் நின்றேன். அந்தத் தம்பி வேலையை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிறதாம். முதலாளி பொறுமையானவர், எண்ணைத் தேடிக் கூப்பிட்டார். நல்ல வேளை, எண்ணை மாற்றவில்லை. "உன் போனுக்கு ஒரு ஓடிபி வரும், பார்த்து அக்காவுக்குச் சொல்லு தம்பி" என்றார். போனைக் காதில் வைத்துக்கொண்டு அவர் சொன்ன குறியீட்டை நான் அடித்தேன். பக்கம் திறந்தது. என் லேப்டாப்பின் பெயர், அதன் எதிரே சாவியின் அடையாள எண், அதன் பக்கத்தில் ஆறு ஆறாக எட்டுத் தொகுதிகள். அங்கேயே நின்றபடி அந்தக் கணக்கில் என் மொபைல் எண்ணைச் சேர்த்தேன். அந்தத் தம்பி எண்ணை மாற்றியிருந்தாலோ, எடுக்காமல் இருந்திருந்தாலோ, நான் இப்போது இதை வேறு விதமாக எழுதிக்கொண்டிருப்பேன்.

நீங்கள் லேப்டாப்பை வாங்கியபோது வேறு யாராவது அமைத்துக் கொடுத்திருந்தால், இன்றே செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ் பகுதியைத் திறந்து, அங்கே இருப்பது உங்களுடைய மின்னஞ்சல்தானா என்று பாருங்கள். பிரைவசி அண்டு செக்யூரிட்டி பகுதியில் 'டிவைஸ் என்க்ரிப்ஷன்' இயங்குகிறதா என்றும் பாருங்கள். இயங்கினால் அதை நிறுத்த வேண்டியதில்லை. சாவியைக் காகிதத்தில் எழுதி வையுங்கள், அது போதும். அந்த லேப்டாப்புக்குள்ளேயே சேமித்து வைப்பதில் பயனில்லை.

அதே கடையில் 4,200 ரூபாய்க்கு 1 டிபி எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பூட்டுத் திரையில் வலது கீழே இருக்கும் பவர் குறியை அழுத்தி, ஷிஃப்ட் பட்டனைப் பிடித்தபடி ரீஸ்டார்ட் கொடுத்தால் நீல நிறப் பழுதுபார்க்கும் திரை வருகிறது. இதைத் தெரிந்துகொள்ளத்தான் எனக்கு மூன்று நாள் ஆனது. அதில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், கமாண்ட் ப்ராம்ப்ட் (கட்டளை எழுதும் கறுப்புப் பெட்டி) என்று போனேன். சாவியைக் கேட்டது. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து போனைப் பார்த்து எண்களைப் படித்தாள். ஒவ்வொரு ஆறு எண்ணுக்கும் நிறுத்தி, "ஆச்சா அம்மா?" என்று கேட்டாள். எட்டாவது தொகுதி முடிந்து என்டர் தட்டியதும் கறுப்புப் பெட்டி திறந்தது. அங்கே 'நோட்பேட்' என்று ஆங்கிலத்தில் அடித்தால் எழுதும் பெட்டி வருகிறது. அதில் ஃபைல், ஓப்பன் கொடுத்து, எல்லா வகைக் கோப்பும் காட்டு என்று மாற்றினால், டிரைவ்களும் ஃபோல்டர்களும் வரிசையாகத் தெரிகின்றன. ரைட் கிளிக் செய்து நகலெடுத்து ஹார்டு டிஸ்க்கில் ஒட்டலாம். சி என்று நாம் அறிந்த டிரைவ் அங்கே வேறு எழுத்தில் இருக்கக்கூடும். உள்ளே திறந்து 'யூசர்ஸ்' ஃபோல்டர் இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். ஒட்டும்போது எவ்வளவு முடிந்தது என்று எதுவும் காட்டாது, உறைந்துபோன மாதிரி இருக்கும். பயந்து அணைத்துவிடாதீர்கள். எனக்கு ஒன்றரை மணி நேரம் அப்படியே நின்றது. ஹார்டு டிஸ்க்கில் சின்ன நீல விளக்கு விட்டுவிட்டு எரிந்துகொண்டே இருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாலியின் தரவு, வழக்கமான இடத்தில் விட்டிருந்தால், யூசர்ஸ், பப்ளிக், டாலிப்ரைம், டேட்டா என்ற வரிசையில் இருக்கும். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் எண்ணையே பெயராகக் கொண்ட ஒரு ஃபோல்டர். நான் எண்ணிப் பார்த்தேன். பதினொன்றும் இருந்தன. மகளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டேன். அவற்றோடு ஆவணங்கள், படங்கள், எக்செல் கோப்புகள் மட்டும் எடுத்தேன். டவுன்லோட்ஸில் கிடந்த மென்பொருள் கோப்புகள் எதையும் தொடவில்லை, வைரஸும் கூடவே வந்துவிடும் என்று.

கணக்குகள் கைக்கு வந்த பிறகுதான் உள்ளே நுழைவதைப் பார்த்தேன். அதே நீலத் திரையில் ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் வழியாகப் போனால், ரீஸ்டார்ட் ஆகி எண்ணிட்ட பட்டியல் வருகிறது. நான்கு, சேஃப் மோடு, அதாவது மிக அவசியமானவற்றோடு மட்டும் விண்டோஸைத் திறக்கும் வழி. அதைத்தான் எல்லோரும் சொல்வார்கள், அதை அழுத்தினேன். அங்கே பின் நம்பரை ஏற்கவில்லை, கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டது. அட்டைப்பெட்டி மடிப்பு மறுபடி உதவியது. உள்ளே போனால் மறுபடி கறுப்பு. நான்கு மூலையிலும் 'சேஃப் மோடு' என்று எழுதியிருக்கிறது, நடுவில் ஒன்றும் இல்லை. இரவு பதினொன்றரை மணிக்கு அதைப் பார்த்தபோது மனது விட்டுப்போனது. ஆனால் பட்டியலில் ஆறாவது ஒன்று இருந்தது, கமாண்ட் ப்ராம்ப்டுடன் சேஃப் மோடு. அதில் போனதும் கறுப்புத் திரையின் நடுவே எழுதும் பெட்டி திறந்தது.

நான்கில் வராதது ஆறில் ஏன் வந்தது என்பதில்தான் நோயின் காரணமே இருக்கிறது. நாம் கடவுச்சொல் கொடுத்து நுழைந்ததும், எந்த நிரலைத் திறக்க வேண்டும் என்று விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரியைப் பார்க்கும். அந்த வரிக்குப் பெயர் 'ஷெல்'. அங்கே 'எக்ஸ்ப்ளோரர்' என்று இருக்க வேண்டும்; டெஸ்க்டாப், டாஸ்க்பார் எல்லாமே அதுதான். வைரஸ் அந்த வரியில் தன் முகவரியை எழுதி வைத்திருந்தது. டிஃபெண்டர் வந்து வைரஸ் கோப்பை அழித்தது, ஆனால் அந்த வரி அப்படியே நின்றுவிட்டது. இல்லாத அந்தக் கோப்பை விண்டோஸ் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. சாதாரண சேஃப் மோடும் அதே வரியைத்தான் பார்க்கும். ஆறாவது மட்டும் அதைப் பார்க்காமல் நேராகக் கமாண்ட் பெட்டியைத் திறக்கிறது. பெட்டியில் 'ரெஜ்எடிட்' என்று ஆங்கிலத்தில் இடைவெளியில்லாமல் அடித்து, ஹெச்கீ லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் என்டி, கரன்ட்வெர்ஷன், வின்லாகான் என்று படிப்படியாக இறங்கினேன். ஷெல் என்ற வரிக்கு எதிரே, என் யூசர் ஃபோல்டருக்குள் அர்த்தமில்லாத எழுத்துகளாலான ஒரு கோப்பின் முகவரி. அதைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு, அழித்துவிட்டு, 'எக்ஸ்ப்ளோரர்' என்று புள்ளியும் 'இஎக்ஸ்இ'யும் சேர்த்து எழுதினேன். அதற்குக் கீழே 'யூசர்இனிட்' என்ற வரியையும் பார்த்தேன். சில வைரஸ்கள் அதை மாற்றும். என்னுடையதில் அது சரியாகவே இருந்தது. அதன் கடைசியில் ஒரு காற்புள்ளி இருக்கும், அது பிழை அல்ல, அதை அழிக்கக் கூடாது. ரெஜிஸ்ட்ரியில் வேறு எதையும் தொடவில்லை. ரீஸ்டார்ட். பின் நம்பர். வெல்கம். பிறகு, மகள் வைத்திருந்த யானைப் படத்தோடு என் டெஸ்க்டாப். மணி 12.40.

இத்தோடு முடிந்தது என்று நினைத்து வேலையைத் தொடங்கியிருந்தால் அது கடைசித் தவறாக இருந்திருக்கும். திங்கட்கிழமை டிஃபெண்டரில் 'ஆஃப்லைன் ஸ்கேன்' ஓட்டினேன். விண்டோஸ் எழும் முன்பே தேடுவதால், ஒளிந்திருப்பவை தப்புவது கடினம். இன்னொரு கோப்பு சிக்கியது. ஒன்று இருந்தது, இரண்டாவது இருந்தது, மூன்றாவது இல்லை என்று எப்படி நம்புவது? முதல் நாள் இரவு அந்தப் பெட்டியில் 'ஆம்' என்று அழுத்தி, எதையும் மாற்றும் நிர்வாகி அனுமதியை நானே கொடுத்திருந்தேன். அதனால் லேப்டாப்பை முழுவதும் அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டேன். ஆம், தெருமுனைப் பையன் முதல் நாளே சொன்ன அதே ஃபார்மட்தான். வித்தியாசம், கணக்குகள் ஹார்டு டிஸ்க்கில் ஏற்கெனவே வந்துவிட்டன என்பது. இந்த முறை என் சொந்த மின்னஞ்சலில் கணக்கு போட்டேன். தினசரி வேலைக்கு நிர்வாகி உரிமை இல்லாத தனிக் கணக்கு ஒன்று வைத்திருக்கிறேன். எதையாவது நிறுவ வேண்டுமென்றால் கடவுச்சொல் கேட்கும், அந்த ஒரு நொடி யோசிக்க நேரம் கிடைக்கிறது.

செவ்வாய்க்கிழமை 22ஆம் தேதி, ஆறு பேருக்கும் ரிட்டன் போட்டு முடித்தேன். 20ஆம் தேதிக்காரர்கள் மூவருக்கும் இரண்டு நாள் தாமதம், ஒருவருக்கு ஒரு நாளைக்கு 50 ரூபாய் வீதம் மொத்தம் 300. வட்டி தனி, அது சில பத்து ரூபாய்கள். இரண்டையும் நானே கட்டினேன். கடைகளுக்கு 800, ஹார்டு டிஸ்க் 4,200.

இவற்றைவிடக் கனமாக இருந்தது அந்தத் தொலைபேசி அழைப்புகள்தான். பதினொரு பேரின் ஜிஎஸ்டி கடவுச்சொற்களும் என் பிரவுசரில் இருந்தன. அவை திருடு போயிருக்கலாம் என்று அவர்களிடம் சொல்லாமல் இருக்க எனக்கு மனம் இடம் கொடுக்கவில்லை. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நடந்ததைச் சொல்லி, எல்லாவற்றையும் மாற்றினேன். பிரிண்டிங் பட்டறை வைத்திருக்கும் பெரியவர், "நீ சொல்லாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது அம்மா, சொன்னாய் பார், அது போதும்" என்றார். இன்னொருவர் அடுத்த மாதம் கணக்கை வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டார். மாதம் 2,500 ரூபாய் வந்துகொண்டிருந்த இடம். அவர் செய்ததைத் தவறு என்று சொல்லமாட்டேன். ஆனால் நெடுநாள் பழக்கம், வருத்தம் இன்னும் இருக்கிறது. இப்போது பிரவுசரில் ஒரு கடவுச்சொல்லும் சேமிப்பதில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் மாலையில் டாலியில் ஆல்ட்டும் ஒய்யும் அழுத்தி பேக்கப் எடுத்து ஹார்டு டிஸ்க்கில் போடுகிறேன். போட்டு முடித்ததும் கேபிளைக் கழற்றிப் பீரோவில் வைத்துவிடுகிறேன். செருகியே வைத்திருந்தால் வைரஸ் அதற்குள்ளும் போகும். விண்டோஸைப் புதிதாகப் போட்டால் பழைய 48 எண்கள் செல்லாது, புதிய சாவி உருவாகும். அதைச் செவ்வாய்க்கிழமை இரவே மகளைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லி, கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன். எழுதி முடித்ததும் நான் படித்தேன், அவள் திரையைப் பார்த்துச் சரிபார்த்தாள். ஐந்தாவது தொகுதியில் ஒரு 3ஐ 8 என்று எழுதியிருந்தேன், திருத்திவிட்டோம்.